ஏப்ரல் வெயிலைத் தாங்குமா உங்கள் பிராசசர்? - கணினி கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என்னிடம் ரைசன் 3 1200 பிராசசர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், பிராசசரோடு வந்த சின்னக் கூலர் இருக்கின்றன. கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுத்துப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன். ஜனவரியில் ஓர் இரவு பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) பிராசசரின் வேகத்தை 3.7 கிகாஹெர்ட்ஸ், வோல்டேஜை 1.3 வோல்ட் என்று வைத்தேன். நன்றாக ஓடியது. சூடு 78 டிகிரி. மார்ச் பிறந்ததும் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை) பாதியில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. யூடியூபில் ஒருவர் இதே பிராசசரை டவர் கூலர் போட்டு 3.9-இல் ஓட்டி 70 டிகிரி காட்டுகிறார். என் பிராசசர் கெட்டுவிட்டதா? கூலரை மாற்றினால் நானும் 3.9 போகலாமா?
- கல்லூரி மாணவர், தாம்வே, ரங்கூன்

பதில்: பிராசசர் கெடவில்லை தம்பி, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். மாறியிருப்பது உங்கள் அறை.

காற்றில் குளிர்கிற எந்தக் கூலரும் பிராசசரை அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி ஏறவிடுவது என்பது மட்டும்தான் அதன் கையில் இருக்கிறது. ஜனவரி இரவில் உங்கள் அறை 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 78 காட்டினால் ஏற்றம் 54. அதே வேலை, அதே வோல்டேஜ், அதே ஃபேன் வேகம் என்றால் அந்த 54 கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். மார்ச் மத்தியானம் அறை 35-ஐத் தொட்டால் 89 ஆகிவிடும். இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பு 95 டிகிரி. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா வருவதற்கு முன்பே நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள். வீடியோவில் வந்த 70-ஐயும் இப்படியே பாருங்கள். அவர் ஏசி போட்ட 21 டிகிரி அறையில் உட்கார்ந்திருந்தால் அவருடைய ஏற்றம் 49. அந்த மெஷினைத் தூக்கி வந்து உங்கள் மேசையில் வைத்தால் 84 காட்டும்.

95 வரவில்லையே, பிறகு ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது என்று கேட்பீர்கள். ஒரு வேகத்துக்கு இவ்வளவு வோல்டேஜ் போதும் என்று குளிரில் நீங்கள் கண்டுபிடித்த கணக்கு சூட்டில் செல்லாது. சிலிக்கான் சூடாக ஆக, அதே வேகத்தில் நிலையாக நிற்க இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும். அது கிடைக்காதபோது எங்கோ ஒரு கணக்குத் தப்பாகி மெஷின் விழுந்துவிடும். ஜனவரியில் 1.3 வோல்ட் விளிம்பில் நின்றிருக்கிறது, மார்ச்சில் விளிம்பைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. இன்றே பயாஸில் எல்லாவற்றையும் பழையபடி வைத்து, வழக்கமாக விழுகிற அதே வீடியோவை ரெண்டர் போடுங்கள். முடிந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

இனி 3.9 பற்றி. பிராசசர் தின்னும் மின்சாரம் வேகம் ஏறும் அளவுக்கே ஏறும், ஆனால் வோல்டேஜுக்கு இருமடியாக ஏறும். நாலு கோரும் (பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) சேர்ந்து உழைக்கும்போது உங்கள் பிராசசர் இயல்பாக 3.1 பக்கம் ஓடும். அப்போது 1.2 வோல்ட் என்று வையுங்கள். 3.6-ஐ 1.25 வோல்ட்டில் நிறுத்த முடிந்தால் சூடு கால்பங்கு கூடும். 3.9-க்கு 1.4 வோல்ட் கேட்டால் 70 சதவீதம் கூடும். ஆனால் 3.6-க்கும் 3.9-க்கும் வேகத்தில் உள்ள வித்தியாசம் 8 சதவீதம்தான். ஒரு மணி நேர ரெண்டரில் ஐந்து நிமிடம் மிச்சம். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஏப்ரல் முழுக்கப் பயந்துகொண்டே வேலை பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. உங்களுக்கு இது சோறு போடுகிற மெஷின். 1.35 வோல்ட்டைத் தாண்டாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன்.

கூலரை மாற்றுங்கள், அது நல்ல செலவு. கடையில் ஒரு மெஷினில் அளந்து பார்த்தேன். அறை 31 டிகிரி, ரைசன் 3 1200, 3.7 கிகாஹெர்ட்ஸ். கூட வந்த கூலரில் 81 டிகிரி. நாலு ஹீட்பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள சாதாரண டவரில் 63. ஏற்றம் 50-இலிருந்து 32-க்கு இறங்கியது. அறை 37 ஆனாலும் 69-இல் நிற்கும். இதற்கு மேல் விலை கொடுத்து இரட்டை டவர் வாங்க வேண்டாம், நாலு கோர் பிராசசருக்கு அது தேவையே இல்லை.

பழைய கூலரைக் கழற்றும் விதத்தைக் கவனமாகப் படியுங்கள். ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. மேலே தகடு போட்டு அழுத்திப் பிடிக்கும் ஏற்பாடு கிடையாது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும், நாளாகி இறுகிய பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டைவிட்டு ஒட்டிக்கொண்டே வரும், பின் வளையும். அதனால் முதலில் பத்து நிமிடம் ஏதாவது ரெண்டர் ஓடவிட்டு பேஸ்ட்டை இளக வையுங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். அது வழுக்கிக்கொண்டு நகர்வது கையில் தெரியும். தெரிந்த பிறகுதான் தூக்க வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, புதியதை நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும். கூலர் அழுத்தும்போது தானே பரவும். கழற்றும்போது பின்பக்கத் தகடு கீழே விழுந்துவிடும், மதர்போர்டுக்குப் பின்னால் ஒரு கை இருக்கட்டும்.

இன்னொன்று பலர் யோசிப்பதில்லை. சின்னக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதும். அந்தக் காற்றில்தான் சாக்கெட்டைச் சுற்றியுள்ள, பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் வோல்டேஜ் ரெகுலேட்டர்களும் குளிர்கின்றன. டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளும், அவற்றுக்குக் கிடைத்துவந்த காற்று போய்விடும். மலிவான பி350 போர்டு சிலவற்றில் ரெகுலேட்டர் மேல் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) கூட இருக்காது. ஆகவே டவரின் ஃபேன் கேபினெட்டின் பின்புறம் நோக்கி ஊதும்படி மாட்டி, பின்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனைச் சூடான காற்றை வெளியே தள்ள வையுங்கள். முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேபினெட் என்றால் உள்ளே அறையைவிடச் சூடு இன்னும் கூடும்.

ஏற்றும் முறை இதுதான். பயாஸில் ரேஷியோவை (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கி) 34-இல், அதாவது 3.4 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி, வோல்டேஜை 1.25-இல் நிறுத்தி, ஒவ்வொரு படியாக ஏறுங்கள். படிக்கு ஒரு தரம் பிராசசரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஓட்டுங்கள், எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். விழுந்தால் ஒரு படி இறங்குங்கள். சுமை ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் பிடிக்கும் லோட்லைன் கேலிப்ரேஷன் நடுமட்டத்தில் இருக்கட்டும். கடைசிச் சோதனையை மட்டும் இரவில் வைக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, நீங்கள் எப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பீர்களோ அதே மாதிரி ஜன்னலும் கதவும் இருக்க, ஓசிசிடி என்ற சோதனை மென்பொருள் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். 80 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அந்த நேரத்தில் எந்த வேகம் நிற்கிறதோ அதை எழுதி வைத்துக்கொண்டு வருடம் முழுக்க அதிலேயே ஓட்டுங்கள். 3.6-ஓ 3.7-ஓ கிடைக்கும். கையால் வேகத்தைக் கட்டிவிட்டால் பிராசசர் தானாக 3.4 வரை ஏறும் பூஸ்ட் நின்றுவிடும் என்பதால் 3.4-க்குக் கீழே கட்டுவதில் பயனில்லை.

ஆனால் தம்பி, கையில் காசு ஒரே ஒரு சாமானுக்குத்தான் இருக்கிறது என்றால் கூலரை விட்டுவிட்டு இன்னொரு 8 ஜிபி ராம் வாங்குங்கள். ஒரே ஸ்டிக்கில் மெமரி ஒற்றைப் பாதையில் போய்வருகிறது, இரண்டு போட்டால் பாதை இரண்டாகும். ரைசனில் உள்பாகங்களை இணைக்கும் ஃபேப்ரிக்கும் ராமின் வேகத்தில்தான் ஓடுகிறது. பயாஸில் எக்ஸ்எம்பி என்றோ டிஓசிபி என்றோ ஓர் இடம் இருக்கும். அதைப் போடாவிட்டால் 2933 ராம்கூட 2133-இலோ 2400-இலோ தூங்கிக்கொண்டிருக்கும். கடைக்கு வருகிற மெஷின்களில் பெரும்பாலும் இது போடாமலே இருக்கிறது. சூடும் ஏறாமல், வோல்ட்டையும் தொடாமல் கிடைக்கிற வேகம் இது.

கேள்வி: எங்கள் பக்கம் கரண்ட் முறைவைத்துத்தான் வருகிறது. 12 வோல்ட் 100 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரி, இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓட்டுகிறேன். ஓவர்கிளாக் செய்த (பிராசசரை இயல்பு வேகத்துக்கு மேல் ஏற்றிய) பிறகு கரண்ட் போகும் நொடியில் சில தடவை மெஷின் அணைகிறது. முன்பு இப்படி இல்லை. என்ன காரணம்?
- அச்சக உரிமையாளர், பெகு

பதில்: லைனிலிருந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் சில மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியை பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் தாங்கிப் பிடிக்கிறது. நல்ல சப்ளை முழுச் சுமையில் 16 மில்லிசெகண்ட் பக்கம் தாங்கும். மலிவானது அவ்வளவு தாங்காது, சுமை கூடக் கூட இன்னும் குறையும். ஓவர்கிளாக் அந்தச் சுமையைக் கூட்டியிருக்கிறது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், மாறும் நேரம் குறையும். அது இல்லாவிட்டால் நல்ல பவர் சப்ளை வாங்குங்கள். வாங்கும்போது ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் சர்க்யூட்) உள்ளதா என்றும், உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டரோடு ஆக்டிவ் பிஎஃப்சி சப்ளை சில நேரம் ஒத்துப்போகாது.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது ஐயா. உங்கள் பேட்டரியில் இருப்பது 12-ஐ 100-ஆல் பெருக்கி 1200 வாட் மணி. லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போய்விடும், எனவே கையில் 600. இன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தால் 500 மிஞ்சும். மானிட்டரோடு சேர்த்து மெஷின் 120 வாட் இழுத்தால் நாலு மணி நேரம். ஓவர்கிளாக்கில் 160 இழுத்தால் மூன்று மணி நேரம். கரண்ட் இல்லாத நேரத்தில் கல்யாணப் பத்திரிகையை முடித்துக் கொடுக்க உங்களுக்கு வேண்டியது அந்த நாலாவது மணி நேரம். பயாஸில் இரண்டு ப்ரொஃபைலாகச் சேமித்து வையுங்கள். முறை வராத நாட்களில் சாதாரண வேகத்தில் ஓட்டுங்கள்.

கேள்வி: கோர் ஐ3 10100, எச்410 போர்டு. ஓவர்கிளாக் செய்ய பயாஸில் எங்கே தேடியும் இடமே இல்லையே?
- வாசகி, இன்செயின்

பதில்: இருக்காது தங்கச்சி. அந்தப் பிராசசரின் பெருக்கி பூட்டப்பட்டது. இன்டெல்லில் பெயர் கடைசியில் கே என்று வரும் பிராசசரும், இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் பெருக்கி திறக்கும். ஆனால் உங்களுடையது நாலு கோர், எட்டு த்ரெட், தானாகவே 4.3 வரை ஏறும். அந்த ஏற்றம் நிலையாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். கம்ப்யூட்டர் சாமி மாடம் உள்ள அறையில் இருந்தால் கூலரை இன்றே கழற்றிப் பாருங்கள். சாம்பிராணிப் புகை பட்ட தூசி ஹீட்சிங்க் இடுக்கில் பிசுபிசுப்பான கரிய படலமாக ஒட்டும், மழைக்காலத்து ஈரத்தில் இறுகிப்போகும், ஊதினால் போகாது. உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காக எடுக்க வேண்டும். ப்ளோயர் வைத்து ஊதுவதானால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வெறிபிடித்துச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

கேள்வி: அம்மா, எங்கள் கோயில் தமிழ் வகுப்பில் கோர் 2 குவாட் க்யூ6600 கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. யாரோ தானமாகக் கொடுத்தது. மிகவும் மெதுவாக இருக்கிறது. 3 கிகாஹெர்ட்ஸ் ஆக்கலாம் என்று ஒரு பையன் சொல்கிறான். செய்யலாமா?
- கோயில் பொறுப்பாளர், மோல்மீன்

பதில்: அந்தப் பையன் சொன்னது சரிதான் ஐயா. 2007-இல் வந்த பிராசசர் அது. பஸ் வேகத்தை 266-இலிருந்து 333 ஆக்கினால், ஒன்பதால் பெருக்கி 3 கிகாஹெர்ட்ஸ் வந்துவிடும். அந்தக் காலத்தில் பலர் இதை எளிதாகச் செய்தார்கள். இன்று உங்கள் வகுப்புக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த போர்டிலும் பவர் சப்ளையிலும் உள்ள கெப்பாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது. கூலரைப் பிடித்திருக்கும் நாலு பிளாஸ்டிக் ஊசிகளும் காய்ந்து உடையும் பருவம். கூடுதல் சூட்டை அவற்றின் தலையில் ஏற்ற வேண்டாம்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. புதிய விண்டோஸ் 11 இந்தப் பிராசசரில் ஏறாது, அது கேட்கும் சில கட்டளைகள் இதற்குள் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள், தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். ராம் 2 ஜிபி மட்டும் இருந்தால் பழைய சாமான் கடையில் டிடிஆர்2 ஸ்டிக் தேடி 4 ஆக்குங்கள். அந்தப் பையனையே இந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள், பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும். கூலர் ஊசிகளில் ஏதாவது ஆடினால் மட்டும் மெஷினைப் போடுவதற்கு முன் நாலையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.