நாத்திகரான நீங்கள் பைபிளை முதன்முறையாக வாசித்தபோது என்ன தோன்றியது?

நம்பிக்கை வந்துவிட்டதா என்பதுதான் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். வரவில்லை. ஆனால் இவ்வளவு கூச்சமில்லாத புத்தகத்தை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பெரியார் நூல்கள் புழங்கிய வீட்டில் வளர்ந்தவன் நான். பைபிளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மேடைகளில் கேட்ட குற்றச்சாட்டுகளும், பஸ் நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரத்து வசனங்களும்தான். குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் தேடி மெனக்கெட வேண்டியதில்லை. பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதன் படைக்கப்படுகிறான். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு விலங்குகள் வருகின்றன. எஜமான் அடித்த அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்துவிட்டால் எஜமானுக்குத் தண்டனை இல்லை என்கிறது யாத்திராகமம் 21. 'அந்தக் காலம் அப்படி' என்ற சமாதானம் மனிதன் எழுதிய சட்டத்துக்குப் பொருந்தலாம். கடவுள் கொடுத்த சட்டத்துக்கு எப்படிப் பொருந்தும்?

என்னை உலுக்கியது வேறு. நியாயாதிபதிகள் 11இல் யெப்தா என்ற தளபதி வருகிறான். போரில் வென்று திரும்பினால், வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக நேர்ந்துகொள்கிறான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வருகிறாள் அவனுடைய ஒரே மகள். தோழிகளோடு மலைகளில் திரிந்து அழ இரண்டு மாதம் கேட்கிறாள். போய்வந்ததும் தகப்பன் நேர்ந்தபடியே செய்கிறான். பலியிடப்போன தன் மகன் ஈசாக்கின் மேல் ஆபிரகாம் கத்தியை ஓங்கியபோது தடுத்த குரல் இங்கே கேட்கவில்லை. சிவனடியாருக்காகப் பிள்ளையைக் கறி சமைத்த நம் சிறுத்தொண்டர் கதையிலாவது கூப்பிட்டதும் பிள்ளை ஓடிவருகிறான். இந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. அவள் சாகவில்லை, கன்னியாகவே வைக்கப்பட்டாள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதியவர் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. துண்டுப் பிரசுரத்தில் இது ஏன் வருவதில்லை என்று புரிந்தது.

இஸ்ரவேலின் ராஜாவான தாவீதின் கதையும் அப்படித்தான். தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிடச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறான் ராஜா. பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன் கதையைச் சொல்கிறார். கொதித்தெழுந்து அவன் சாக வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் தாவீதிடம், 'நீயே அந்த மனுஷன்' என்கிறார். நம் சோழர் கல்வெட்டுகளில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்திகளில் அரசன் வென்ற நாடுகள் வரிசையாக வரும். இப்படி ஒரு வரி வராது. தன் மாபெரும் அரசனைப் பற்றி இதை எழுதிவைத்த மக்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது. அடுத்த பக்கத்திலேயே, தகப்பன் செய்த பாவத்துக்குக் கைக்குழந்தை சாகிறது. வந்த மரியாதை அந்த மக்களோடு நின்றுவிட்டது; அவர்களுடைய கடவுள்வரை போகவில்லை.

நல்லவனான யோபு சொத்தையும் பிள்ளைகளையும் இழந்து தவிக்கும் கதையை நான் எதிர்பார்க்கவே இல்லை. கடவுளும் சாத்தானும் பேசிக்கொண்டதால்தான் அவனுக்கு இந்தத் துன்பம் என்று வாசிக்கிற நமக்குத் தெரியும். யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படுவதில்லை. நான் என்ன தவறு செய்தேன் என்று அவன் கேட்கும் கேள்வி எந்த நாத்திகனுடையதையும்விடக் கூர்மையானது. பதிலாகப் பெருங்காற்றிலிருந்து வருவதோ, பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்ற அதட்டல். கவிதையாக அது அபாரம். பதிலாக, நழுவல். முடிவில் 7000 ஆடுகள் 14000 ஆகின்றன, 3000 ஒட்டகங்கள் 6000 ஆகின்றன. செத்துப்போன பத்துப் பிள்ளைகளுக்குப் பதிலாக வேறு பத்துப் பிள்ளைகள். பிள்ளையைப் பறிகொடுத்த யாரும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்களா?

இயேசுவின் கதை வரும் புதிய ஏற்பாட்டில் மாற்கு சுவிசேஷம் மட்டும் சுருக்கமும் வேகமுமாக என்னை இழுத்துக்கொண்டு போனது. அத்திப்பழக் காலமே இல்லை என்று எழுதிவிட்டு, பழம் இல்லாத மரத்தை இயேசு சபிப்பதையும் எழுதியிருக்கிறார்கள். ஆரம்பகாலச் சபைகளுக்கு பவுல் எழுதிய கடிதங்களில் காதில் விழுவது சண்டையின் ஒரு பக்கம் மட்டுமே. எதிராளி என்ன சொன்னார் என்று ஊகித்துக்கொள்ள வேண்டும்.

நீங்களும் நாத்திகராக இருந்து வாசிக்க நினைத்தால், முதலிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். லேவியராகமத்தின் தோல்நோய் விதிகளில் பலர் நின்றுவிடுவார்கள். சாமுவேலின் இரண்டு புத்தகங்களில் தொடங்குங்கள், பிறகு யோபு, பிரசங்கி, மாற்கு. முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் வெறும் வம்ச வரலாறு; தாராளமாகப் புரட்டிவிடலாம்.