கேளுங்கள், சொல்கிறோம்: சிலேட்டுக்குப் பதில் டேப்லெட்டா?

கேள்வி: மகள் ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறாள். இந்த ஆண்டு முதல் ஆளுக்கொரு டேப்லெட் கட்டாயமாம், தினமும் நான்கு பீரியட் அதில்தான் பாடமாம், ஃபீஸோடு அதற்கும் தனியாகக் கட்டச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் காலத்துக்கேற்ப மாற வேண்டாமா என்கிறார். எனக்குத்தான் உறுத்துகிறது. நான் பழைய பஞ்சாங்கமா?
– ஒரு அம்மா, தாம்பரம்

பதில்: உறுத்துவது நியாயம்தான். பீரியடுக்கு 40 நிமிடம் என்று வைத்தாலும் 160 நிமிடம் ஆகிறது. 2020-ல் கொரோனாவில் பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்த நேரத்தில், மத்திய மனிதவள அமைச்சகம் கொடுத்த 'பிரக்யாதா' வழிகாட்டுதலில்கூட ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிட ஆன்லைன் வகுப்பு நாளுக்கு இரண்டுதான். அன்று வேறு வழியே கிடையாது, அப்போதே 90 நிமிடத்தைத் தாண்டவில்லை. இன்று டீச்சர் எதிரிலேயே நிற்கும்போது 160 நிமிடம் எதற்கு?

அதற்காக டேப்லெட்டே ஆகாது என்று சொல்ல மாட்டேன். தான்சானியாவில் டாங்கா என்ற பகுதி இருக்கிறது. 'குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ்' என்ற போட்டிக்காக அங்கே ஏறத்தாழ 170 கிராமங்களில் சுமார் 2,700 பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கள் சுவாஹிலி மொழியில் ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரியாதவர்கள். சொல்லிக்கொடுக்க வாத்தியார் கிடையாது, சார்ஜ் போட சோலார், அவ்வளவுதான். 15 மாதம் கழித்துப் பார்த்தால், ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாதவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. 2019-ல் இரண்டு குழுக்கள் அந்தப் பரிசைப் பங்கிட்டுக்கொண்டன.

இப்போது ஸ்வீடனுக்கு வாருங்கள். பணமும் வாத்தியாரும் நூலகமும் எதற்கும் குறைவில்லாத நாடு. பாடப் புத்தகத்தை ஓரம்கட்டிவிட்டுத் திரைக்குப் போனார்கள், மழலையர் பள்ளியிலேயே டிஜிட்டல் கருவி கட்டாயம் என்கிற அளவுக்கு. பத்து வயதுப் பிள்ளைகளுக்கான சர்வதேச வாசிப்புத் தேர்வில் 2016-ல் 555 எடுத்த நாடு 2021-ல் 544-க்கு இறங்கியது. நடுவில் கொரோனா வந்துபோனதால் பழி முழுவதையும் திரை மேல் போட முடியாது, சரி. ஆனாலும் 2023-ல் அரசாங்கமே மனம் மாறி அந்தக் கட்டாயத்தை எடுக்க முடிவு செய்து, அச்சுப் புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்கியது.

கருவி என்னவோ ஒன்றுதான். டாங்காவில் அது வெறும் இடத்தில் வந்து உட்கார்ந்தது, ஸ்வீடனில் புத்தகத்தை எழுப்பிவிட்டு அதன் நாற்காலியில் உட்கார்ந்தது. ஆகவே பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியது 'டேப்லெட் நல்லதா' என்பதை அல்ல, அதற்கு அவர்களிடம் அச்சடித்த பதில் ரெடியாக இருக்கும். அந்த நான்கு பீரியடில் போன வருஷம் என்ன நடந்தது என்று கேளுங்கள். எழுத்துப் பயிற்சியா, கதை சொல்வதா, விளையாட்டா? எது போய் இது வருகிறது? அப்படியே, அதில் இன்டர்நெட் திறந்திருக்குமா, விளம்பரம் வருமா, பிள்ளையின் விவரமெல்லாம் எந்தக் கம்பெனிக்குப் போகிறது, இரண்டு வருஷத்தில் பேட்டரி படுத்துவிட்டால் யார் செலவு என்பதையும் கேட்டுவிடுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள், "மேடம், வேற யாருமே இப்படிக் கேக்கலையே" என்று அனுப்பிவிடுவார்கள். நாலைந்து பெற்றோராகப் போங்கள்.

அப்புறம், வீட்டுக்காரரின் காலமாற்றம். திரையைத் தள்ளவும் தட்டவும் பிள்ளைகள் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்கள். உங்கள் மகள் பத்தாம் வகுப்பு வரும்போது இந்த மாடல் காயலான் கடையில் கிடக்கும்.

கேள்வி: நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து 28 பிள்ளைகள், அரசு எனக்குக் கொடுத்த டேப் ஒன்றே ஒன்று. அதில் மதிப்பீடு பதிவதோடு என் வேலை முடிகிறது. பிள்ளைகளுக்கும் பயன்படுத்தலாமா?
– ஒரு ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தாராளமாக, டீச்சர். ஒன்றே ஒன்று என்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம் என்பேன். ஆளுக்கொன்று கொடுத்தால் 28 தலை குனிந்திருக்கும், ஒன்று இருந்தால் நாலு தலை சேர்ந்து சண்டை போடும், பேசும்.

தமிழக அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில், பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே பிரித்துத்தானே உட்கார வைக்கிறீர்கள். மலர் பிள்ளைகள் தாங்களாக வாசிக்கும் நேரத்தில் மொட்டில் இரண்டு பேரை டேப்போடு வராந்தாவுக்கு அனுப்புங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் ஒலிப்பதிவு செய்யட்டும், பிறகு இருவரும் போட்டுக் கேட்கட்டும். தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை, தான் விழுங்கிய எழுத்தைத் தானே பிடித்துவிடும், நீங்கள் திருத்த வேண்டியதே இல்லை. கூகுளின் 'ரீட் அலாங்' செயலியில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன, பிள்ளை வாசிப்பதை அது காது கொடுத்துக் கேட்கும். முதலிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும், ஆனால் வகுப்பு இரைச்சலில் திணறும், அதற்கும் வராந்தாதான். அரும்புப் பிள்ளைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தேவை உங்கள் முகம்.

மதிப்பீடு பதிவதிலேயே பாதி நாள் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

கேள்வி: ஆப்பில் விரலால் 'அ' போட்டுப் பழகுகிறான் பேரன். கையெழுத்து வருமா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: அந்த ஆப், புள்ளிக்கோட்டின் மேல் விரலை எப்படி இழுத்தாலும் நட்சத்திரம் கொட்டும். அதுதான் சிக்கல். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் குழுவினர் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் 15 பேரை வைத்து 2012-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கோட்டின் மேல் வரைந்தும், தட்டச்சு செய்தும் பழகிய எழுத்துகளைவிட, தாங்களாகவே கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் மூளையில் வாசிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன. சின்ன ஆய்வுதான், அதுவும் ஆங்கில எழுத்தில். ஆனால் ன, ண, ந மூன்றையும் பிரித்து எழுதத் தடுமாறும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எத்தனை சுழி என்பது விரலில் ஏறினால்தான் கண்ணில் நிற்கும். தாம்பாளத்தில் அரிசி பரப்பி எழுத வையுங்கள் தாத்தா, புள்ளிக்கோடு இல்லாத இடத்தில் பேரன் தானாகப் போட்டுப் பழகட்டும்.

கேள்வி: ஸ்கூலிலும் டேப்லெட், வீட்டிலும் போன். கண் கெடுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கிட்டே வைத்துப் பார்ப்பது எதுவானாலும் கண்ணுக்கு வேலைதான், புத்தகமும் சேர்த்தி. புத்தகம் அலுத்தால் பிள்ளை மூடிவிடும், இதை மூடாது, வித்தியாசம் அங்கே. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி எதையாவது 20 விநாடி பார்க்கப் பழக்குங்கள். அதைவிட முக்கியம் வெயில். கிட்டப்பார்வை பல வருடங்களாக ஏறிக்கொண்டே போன தைவானில், 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விட ஆரம்பித்தார்கள், ஏற்றம் திரும்பிவிட்டது. பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்கு எடுக்கும் நம் பள்ளிகளில் இதை யாராவது சுவரில் எழுதி ஒட்டலாம்.

கேள்வி: யூகேஜி படிக்கும் என் பையன் யாரும் சொல்லித் தராமலே டேப்லெட்டில் எல்லாம் செய்கிறான். ஜீனியஸா?
– ஒரு அப்பா, கோவை

பதில்: ஜீனியஸ், அந்த டேப்லெட்டை வடிவமைத்தவர். பையனை ஷூ லேஸ் கட்டச் சொல்லிவிட்டு மறுபடி எழுதுங்கள்.