எம்.எஸ்.டபிள்யூ. படிக்க அமெரிக்கா வர நினைக்கும் பாலக்கோட்டுத் தங்கச்சிக்கு

தங்கச்சி, பிளஸ் டூ முடித்துவிட்டேன், பின்னாடி அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுகலை, படிக்க ஆசை, அதற்கு இப்போ அதிலேயே இளங்கலையான பி.எஸ்.டபிள்யூ. எடுக்கட்டுமா, சைக்காலஜியா, சோசியாலஜியா என்று கேட்டிருக்கிறாய். கூடவே குளிர், வாடகை, சாப்பாடு. அதெல்லாம் வந்த பிறகு தானாகப் பழகிவிடும், விடு.

பாடம் எதுவானாலும் இங்கே எம்.எஸ்.டபிள்யூ.வுக்குச் சேர்த்துக்கொள்வார்கள். நான் படித்தது ஆங்கில இலக்கியம். நீ கவனிக்க வேண்டியது எத்தனை வருஷப் படிப்பு என்பதை. நம்ம ஊர் டிகிரி மூன்று வருஷம், பள்ளியோடு சேர்த்தால் 15. பல பல்கலைக்கழகங்கள் 16 கேட்கும். 2007-ல் பி.ஏ. முடித்த கையோடு பெங்களூரில் ஒரு கன்சல்டன்ஸியில் பணம் கட்டினேன், இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர்கள். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, அப்பா மாட்டை விற்றுக் கொடுத்த பணமும் போனது. அப்புறம் எம்.ஏ. முடித்து 2010-ல்தான் விமானம் ஏறினேன். அதனால் நீ சேர நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கு நீயே மெயில் போட்டுக் கேள், ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பாதே.

பி.எஸ்.டபிள்யூ. படித்தால் இங்கே ஒரே வருஷத்தில் முடித்துவிடலாம் என்று உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சலுகை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பி.எஸ்.டபிள்யூ.வுக்கு. நம்ம ஊர் டிகிரிக்குத் தானாகக் கிடைக்காது, சமூகப்பணிப் படிப்புகளுக்கு இங்கே அங்கீகாரம் தரும் சி.எஸ்.டபிள்யூ.இ. என்ற அமைப்பு மதிப்பிட்டு ஏற்க வேண்டும், அதற்கு மேல் பல்கலைக்கழகமும் சரி என்று சொல்ல வேண்டும். ஆக, இரண்டு வருஷம் என்றே கணக்குப் போடு.

அந்த இரண்டு வருஷத்தில் குறைந்தது 900 மணி நேரம் களப்பயிற்சி. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. எஃப் 1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம், ஆனால் களப்பயிற்சி போக அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க சாஃப்ட்வேர் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் வரை கிடைக்கும், நமக்கு ஒரு வருஷம்தான். கடன் வாங்கும் முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசு. சமூகப்பணி செய்யத் தேவையான லைசென்ஸும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

இங்கே பொங்கல் விழாவில் பார்க்கும் நம்ம ஆட்கள், "பேசாம கம்ப்யூட்டர் பக்கம் மாறிக்கோம்மா, இதுல என்ன வரும்" என்பார்கள். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அப்படிச் சொன்ன ஒருவர்தான், அவருடைய அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கொடுத்த காகிதம் புரியாமல் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் பண்ணினார். நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன், நன்றாகவே செய்கிறேன்.

முதல் களப்பயிற்சிக்கு இரண்டு பஸ் மாறிப் போவேன், ஷூவுக்குள் பனி உருகி சாக்ஸ் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பூடானிலிருந்து அகதியாக வந்த ஒரு நேபாளிப் பாட்டி வீடு. நாற்காலியை விட்டுத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பாளர் போனில் இருந்தார். நடந்த பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டும். என் மேற்பார்வையாளர் ஓரிடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு, "அவர் சொல்லி முடிக்கும் முன்பே புத்தி சொல்லத் தொடங்கிவிட்டாய்" என்று எழுதியிருந்தார். ஆனால் கீழே உட்கார்ந்த இடத்தில் மட்டும் ஒரு டிக்.

அது நான் அத்தையிடம் கற்றது. பென்னாகரம் பக்கம் அங்கன்வாடியில் டீச்சராக இருந்தார். பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாம் என்று நினைக்கும் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் நம்ம தர்மபுரிக்கும் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பெண். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள் இருந்து, மூன்றாவதைச் சுமக்கும் வீட்டுக்கு அத்தை வாரம் தவறாமல் போவார், என்னையும் கூட்டிப் போவார். திட்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, அந்த அக்காவோடு சேர்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருப்பார். மாமியார் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போன பிறகு, அந்த அக்காவே மெதுவாக ஆரம்பிப்பார்.