மேடைக்குப் பின்னால் நிற்கும் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தேன். நடிப்பதைவிட, நாடகத்தை ஒழுங்குசெய்து மேடையேற்றுவதில்தான் எனக்கு விருப்பம். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டே இதைத் தொழிலாக்க முடியுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: முடியும். ஆனால் தொடக்கத்தில் கைவசம் வேறொரு வருமானம் இருக்கட்டும். பணம், திகதி, எழுத்தாளரின் அனுமதி எல்லாம் தயாரிப்பாளர் பொறுப்பு. கதவு, கதிரை, மின்சாரம், பார்வையாளர் பாதுகாப்பு அரங்க முகாமையாளர் பொறுப்பு. சிறிய குழுவில் இரண்டும் உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் கணக்கு. 300 கதிரை மண்டபம், சீட்டு 500 ரூபா என்று வைப்போம். மண்டபம் நிறையும் என்று நம்பி 150,000 எழுதாதீர்கள். 180 பேர் வருவார்கள் என்று 90,000 எழுதுங்கள். வாடகை, ஒலி, ஒளி, லொறி, சாப்பாடு எல்லாம் 80,000க்குள் அடங்கவேண்டும். மிச்சம் 10,000 எதிர்பாராத செலவுக்கு. பலரும் மறப்பது ஒத்திகைச் செலவை. 12 பேருக்கு 20 நாள் பிளேன்டீயும் பணிசும் ஆளுக்கு 150 ரூபா என்றாலே 36,000 போய்விடும். ஒரே மேடையேற்றத்தில் அதை மீட்க முடியாது. நான்கு இடங்களில் போட்டால் ஒன்றுக்கு 9,000தான் விழும். அதனால் முதல் நாளே நான்கு மண்டபங்களைப் பேசி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பிரதியை இரண்டு மூன்று மாதம் முன்பே, நாடகப் பிரதிகளைப் பார்த்து மேடையேற்ற அனுமதி தரும் பொது அரங்காற்றுகை சபைக்கு அனுப்புங்கள். அங்கே தாமதமானால் அச்சடித்த சுவரொட்டி வீண். சீட்டு விற்குமுன் களியாட்ட வரி பற்றி உள்ளூராட்சி சபையிலும், ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிஸிலும் கேளுங்கள்.

திகதிதான் நம் மலையகப் பக்கத்தில் பாதி வெற்றி. தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியளவில் வரும். அதற்கு அடுத்த ஞாயிறு நல்லது. பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால் சனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. தகரக் கூரை மண்டபத்தில் வசனமே கேட்காது. ஜனவரி முதல் மார்ச் வரை உகந்தது. ஆனால் மாசியில், மன்மதன் கதையைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்து நடக்கும் நாட்களை விட்டுவிடுங்கள். உங்கள் பார்வையாளரும் தப்பு மேளம் அடிக்கும் கலைஞரும் அங்கேதான் இருப்பார்கள். நீங்களும் அங்கே போங்கள். லயத்துக்கு லயம் பணம் சேர்ப்பது, வேடம் ஒதுக்குவது, விடியும்வரை கூட்டத்தைக் காப்பது எல்லாம் முகாமைத்துவம்தான். ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பட்டம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் மண்டபத்தில் மேடை விளக்குகளைப் போட்டதும் கரண்ட் நின்றுவிடுகிறது. ஏன்?
– வாசகர், பதுளை

பதில்: 30 அம்பியர் இணைப்பு 230 வோல்ற்றில் தாங்குவது 6,900 வாட். 1,000 வாட் விளக்கு எட்டுப் போட்டால் அதைத் தாண்டிவிடும். ஐந்தோடு நிறுத்துங்கள், ஒலிக்கும் இடம் வேண்டும். 13 அம்பியர் பிளக் ஒன்றில் இரண்டுக்கு மேல் வேண்டாம். சுருட்டிய வயரை முழுதாக அவிழ்த்துவிடுங்கள். சுருளிலேயே சூடேறி உருகும். மின் கசிந்தால் தானாகவே கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் ஒரே ஒரு விளக்கிலேயே விழுந்தால் பாரம் காரணமல்ல, பனி ஈரம் இறங்கிய பிளக்கில் மின் கசியலாம். அந்தச் சுவிட்சைக் கட்டிவைத்து நாடகம் நடத்தாதீர்கள். ஆள் உயிர் போகும். பிளக்கை மாற்றி, மின்னியலாளரைக் கொண்டு சோதித்த பிறகே திரையைத் திறவுங்கள்.