கேரவன் சக்கரத்தில் கிரீஸ் கசிந்தால் பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: பழைய கேரவன் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம், ஒற்றை ஆக்சில், சின்னதுதான். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஏலகிரி போய் வந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது சக்கரத்தின் உள்பக்கம் ரிம் முழுக்க கிரீஸ் சிதறியிருக்கிறது, ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) வலது பக்கத்தைவிட நல்ல சூடு. ஒரு மெக்கானிக் "நாலு பேரிங்கையும் மாத்திடுங்க சார்" என்கிறார், இன்னொருவர் "கிரீஸ் வெச்சா போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பெங்களூரு ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் போய் என்ன கேட்டு வாங்குவது?
– ராமமூர்த்தி நகர் வாசகர்

பதில்: இரண்டு பேருமே ஹப்பைத் திறக்காமல் சொல்லியிருக்கிறார்கள், அதனால் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உள்பக்க ரிம்மில் கிரீஸ் தெறித்திருக்கிறது என்றால் முதலில் போயிருப்பது ஆயில் சீல், அதாவது ஹப்பின் பின்பக்கம் கிரீஸை உள்ளேயும் தண்ணீர், தூசியை வெளியேயும் நிறுத்தும் ரப்பர் வளையம். மொத்த வேலையிலும் விலை குறைந்த சாமான் அதுதான், அது போனால் பின்னாலேயே பேரிங்கும் போகும், கசிந்த கிரீஸ் பிரேக் ஷூவில் ஏறினால் ஷூவும் போகும். கிரீஸில் ஊறிய ஷூவை பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், பிரேக் ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் பிடிக்காமல் போகும். ஒரு ஆக்சிலில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புது ஷூ போடுங்கள்.

அதனால் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஹப்பை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பேரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: உருளைகளில் சின்னச் சின்னக் குழிகள், நீலம் பாரித்த நிறம், துருப் புள்ளி, இதில் ஒன்று இருந்தாலும் அந்த பேரிங்குக்கு ஆயுள் முடிந்தது. எதுவும் இல்லாமல் வழவழப்பாகப் பளபளத்தால் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்து அதையே ஓட்டலாம். நாலையும் மாற்ற வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆனால் மாற்றும் பேரிங்கில் கோன் (உருளைகளோடு இருக்கும் உள்வளையம்) மட்டும் புதிது, ஹப்பில் பதிந்திருக்கும் கப் (வெளிவளையம்) பழையது என்று விடக்கூடாது, இரண்டும் ஜோடியாகத்தான் தேயும், ஜோடியாகத்தான் மாற வேண்டும். கப்பைத் தட்டிக் கழற்றிப் புதிதைப் போடுவது கொஞ்சம் சிரமமான வேலை என்பதால் சில பேர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

வாங்குவதற்குப் போகும்போது பழைய பேரிங்கைத் துடைத்துக் கையோடு கொண்டு போங்கள், டிரெய்லர் பெயரைச் சொல்லி எந்தப் பிரயோஜனமும் இல்லை. கோனின் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்தான் பேசும். 3500 பவுண்டு, அதாவது சுமார் 1590 கிலோ தாங்கும் அமெரிக்க வகை ஆக்சிலில் பெரும்பாலும் உள்பக்கம் எல்68149, வெளிப்பக்கம் எல்44649 இருக்கும். உங்களுடையது உள்ளூரில் கட்டியது என்றால் வேறு எண் இருக்கலாம், அதனால் என்னுடைய எண்ணை நம்பி வாங்காதீர்கள். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறாது, டிம்கென் கேட்டாலும் எஸ்கேஎஃப் கேட்டாலும் ஒரே அளவுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எல்44643, எல்44649 இரண்டுக்கும் கப் ஒன்றே, எல்44610. உட்துளை மட்டும் ஒன்றில் 25.4 மில்லிமீட்டர், மற்றதில் சுமார் 27. கடைப் பையன் அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றி எடுத்துக் கொடுத்தால் கப்பில் அழகாக உட்காரும், ஆக்சிலில்தான் ஏறாது, அல்லது லொடலொடவென்று ஆடும். கடைசி இலக்கத்தைக் கவுண்டரிலேயே படித்துப் பாருங்கள்.

சீலுக்கு எண் தெரியாவிட்டாலும் கவலையில்லை, அதன் முகத்திலேயே 45×62×10 என்கிற மாதிரி மூன்று அளவு பொறித்திருக்கும், உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற வரிசையில். இரட்டை உதடு, அதாவது ஆக்சிலை உரசி நிற்கும் ரப்பர் விளிம்பு இரண்டு, உள்ளதாகக் கேளுங்கள். நம் ஊர் தூசிக்கும் ஒரு மணி நேர மழையில் அவுட்டர் ரிங் ரோட்டில் தேங்கும் தண்ணீருக்கும் ஒற்றை உதடு போதாது. ஓடிச் சூடான ஹப் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீலின் ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் ஆழமில்லாத தண்ணீரும் பேரிங்கைக் கெடுக்கிறது. ரப்பர் விறைத்துப் போன பழைய ஸ்டாக்கை வாங்காதீர்கள், விரலால் உதட்டை மடக்கிப் பாருங்கள், துவண்டு திரும்ப வர வேண்டும்.

இன்னொன்று, புது சீல் போட்டும் கசிகிறது என்று வருபவர்கள் நிறைய. சீலின் உதடு உரசும் இடத்தில் ஆக்சிலை நகத்தால் வருடிப் பாருங்கள், நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் எந்த சீலும் நிற்காது, அதை முதலில் சரி செய்ய வேண்டும். மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் கிரீஸைப் பார்த்து இருக்க வேண்டும், மேலே ஒரு தட்டையான மரக்கட்டையை வைத்துச் சமமாகத் தட்ட வேண்டும், சுத்தியலால் ஓரத்தில் ஒரு அடி விழுந்தாலே சீலின் தகரச் சட்டம் கோணிவிடும். கழற்றிய சீலைத் திரும்ப மாட்டவே கூடாது, நன்றாக இருந்தாலும் சரி.

கிரீஸ் வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேரிங்கின் மேலே தடவினால் கிரீஸ் வைத்ததாகாது. உள்ளங்கையில் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மேல் பக்க உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழுப்புழுவாக எட்டிப் பார்க்கும் வரை விட வேண்டும், அப்புறம் கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். டிரெய்லர் ஆக்சில் கையேடுகள் என்எல்ஜிஐ 2 தர (இது கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் கேட்கின்றன, டப்பாவில் வீல் பேரிங்குக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே என்ன கிரீஸ் இருந்தது என்று தெரியாதபோது மிச்சமில்லாமல் கழுவித் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள், ஒத்துப்போகாத வகைகள் கலந்தால் இளகி ஓடிவிடலாம். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அது வெறும் சாயம்.

கடைசியாக நட். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு முழுசாகத் தளர்த்தி, கையால் மட்டும் திரும்ப இறுக்கி, நட் கழலாமல் பிடிக்கும் புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். ஸ்பேனரால் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் புது பேரிங் சூடேறியே கெடும்.

கேள்வி: என் டிரெய்லர் ஹப் மூடியில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கிரீஸ் கன் வைத்து நாலு அழுத்து அழுத்தினால் போதும், ஹப்பைத் திறக்கவே வேண்டாம் என்று விற்றவர் சொன்னார். சரிதானா?
– எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகி

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே இடமில்லாமல் ஏற்றும் கிரீஸுக்கு வெளியே வர ஒரே பலவீனமான வழி பின்பக்க சீல்தான், அதைத் தாண்டினால் நேராக பிரேக் டிரம்முக்குள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே, மெதுவாகக் கையால் இயக்கும் கன்னில், பழைய கிரீஸ் முன்பக்கம் வெளியே வரும்படி அமைத்த ஆக்சில்கள் உண்டு, அவற்றில்கூட வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது. திறக்காமல் குழி விழுந்த உருளையை எப்படிப் பார்ப்பீர்கள்? விற்றவரிடம் கடைசியாக எப்போது சீல் மாற்றினார், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: வண்டி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மாதக்கணக்கில் சும்மா நிற்கிறது, ஓடவே இல்லை. அப்போதும் வருடா வருடம் செலவு செய்ய வேண்டுமா?
– பெல்லந்தூர் வாசகர்

பதில்: வேண்டும். பிரபலமான ஆக்சில் கையேடு சொல்வது 12 மாதம் அல்லது 12,000 மைல், அதாவது சுமார் 19,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. நின்ற வண்டியில் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தியிருக்கும், ஈரம் இருந்தால் அங்கேயே துரு கோடு போடும். மழைக்காலம் முடிந்ததும் திறந்து பார்ப்பது நல்லது. எடுத்துக்கொண்டு கிளம்பும் நாளில் முதல் 20, 30 கிலோமீட்டரில் நிறுத்தி இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அதற்கு மேல் போக வேண்டாம்.

கேள்வி: பெயர் பெற்ற கம்பெனி பெட்டியில் பேரிங் வாங்கினேன். மெக்கானிக் பார்த்துவிட்டு டூப்ளிகேட் என்கிறார். கடைக்காரர் பில்லைக் காட்டி, "விற்ற சாமான் திரும்ப வாங்கப்படாது" என்று அச்சடித்திருக்கிறதே என்கிறார்.
– அல்சூர் வாசகர்

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை நேர்மையற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலக்கெடு எழுதவில்லை என்றால் 30 நாள். பில் கொடுக்காததும் அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிகம்தான், அதனால் "பில் இல்லாமல்னா கம்மி பண்ணித் தர்றேன்" என்பதற்கு மயங்க வேண்டாம், அந்தச் சலுகையோடு உங்கள் ஆதாரமும் போகிறது.

முதலில் அந்த பேரிங்கை மாட்டாதீர்கள். மாட்டிவிட்டால் "மெக்கானிக் தப்பா அடிச்சிருக்கான்" என்று சொல்ல வழி கிடைத்துவிடும். பெட்டி, பேரிங்கில் பொறித்த எழுத்து, பில் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். மெக்கானிக்கின் வாய்வார்த்தை மட்டும் நிற்காது, கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள், எஸ்கேஎஃப் இதற்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது, போட்டோ அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பதிலோடு கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். மசியவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

வேறு கடையில் வாங்கும்போது பில்லில் வெறுமனே "பேரிங் 2" என்று எழுத விடாதீர்கள். கம்பெனி பெயரும் முழு எண்ணும் எழுதச் சொல்லுங்கள், சீலுக்கும் அப்படியே.