கல்லில் இருப்பதும் நாம் சேர்ப்பதும்: சோழர் காலம் பற்றிக் கேள்வி பதில்

முப்பது வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விடுமுறை நாட்கள் பெரும்பாலும் கோயில் சுவர்களைப் பார்த்தபடியே போயின. சோழர் காலத்தைப் பற்றியும், அதை நாம் எப்படி எழுதுகிறோம், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி வாட்ஸாப்பில் பிறந்தவை. பரவாயில்லை, அவற்றுக்கும் பதில் உண்டு.

கார்த்திக்: சார், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி ஒருவர் சொன்னார். உண்மையா?

விழும் தம்பி. மாலை நாலு மணிக்குப் போனால் அந்த நிழலிலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடலாம்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், அதே சுவரில் இதைவிட ஆச்சரியமான சங்கதி எழுதியிருக்கிறது, அதை யாரும் காட்டுவதில்லை. ஒரு காலத்தில் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே ஊரில் மறந்துபோயிருந்தது. தலபுராணம் கரிகாலன் என்றது. 1886-இல் சென்னை மாகாண அரசில் கல்வெட்டாய்வாளராகச் சேர்ந்த ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் அந்த எழுத்துகளைப் படித்து வெளியிட்ட பிறகே ராஜராஜன் பெயர் நிலைத்தது. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொல்கிறான் மன்னன். தனக்கு அடுத்து அக்காள், அதற்குப் பிறகுதான் மனைவிமார். அந்த வரிசையைக் கவனியுங்கள்.

இன்னொரு சுவரில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிப் பாட அமர்த்தப்பட்ட பெண்களின், பட்டியல். எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய முகவரிப் புத்தகம் என்றே சொல்லலாம். நிழல் கதை எதற்கு?

முதுகலை மாணவி: ராஜராஜனின் 25-ஆம் ஆண்டு என்றால் கி.பி. 1010 என்று எப்படி அய்யா கணக்கிடுகிறார்கள்? கல்வெட்டில் கி.பி. கிடையாதே?

நல்ல கேள்வி அம்மா. பல கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு கிழமை, நட்சத்திரம், திதி எல்லாம் வரும். இவை மூன்றும் சேர்ந்து பொருந்தும் நாட்கள் மிகக் குறைவு. அப்படிப் பல கல்வெட்டுகளை ஒன்றோடொன்று வைத்துக் கணக்குப் போட்ட கீல்ஹார்ன் என்ற ஜெர்மானிய அறிஞர், ராஜராஜன் முடிசூடியது 985 ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில் என்று முடிவு செய்தார். பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக் குடம் கொடுத்தது 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாள். விரல் விட்டு எண்ணினால் 1010-இன் வசந்தகாலத்தில் வந்து நிற்கும். பின்னாளில் எல்.டி.சுவாமிக்கண்ணுப் பிள்ளை பஞ்சாங்கக் கணக்கையே பல தொகுதிகளாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று மென்பொருள் இருக்கிறது. அவர் கையால் போட்டார்.

செந்தில்: குடவோலை முறைதானே உலகின் முதல் ஜனநாயகம்? பாடப் புத்தகத்தில் இதைப் பெருமையாகச் சொல்லக்கூடாதா?

இருபத்தெட்டு வயதில் ஒரு கும்பாபிஷேக மலருக்கு நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்டவர்களுக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது. பிறகுதான் உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுதாகப் படித்தேன்.

முதல் பராந்தகனின் 12-ஆம் ஆண்டில் ஒன்று, 14-ஆம் ஆண்டில் ஒன்று. அதாவது 919, 921 வாக்கில். ஊரில் முப்பது குடும்பு, அதாவது இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். தகுதி என்ன? கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். சபையும் அவர்களுடையது. மற்ற ஊர்களில் நிலமுடைய வேளாளர் கூடும் 'ஊர்' என்ற அமைப்பு வேறு. பெண்களோ, நிலமில்லாத உழைப்பாளிகளோ இதில் எங்குமே இல்லை. போதாததற்கு, அரசன் ஆணையைக் கொண்டுவந்த அதிகாரி கூட்டத்தில் உடன் இருக்கிறார். ஆகவே ஜனநாயகம் என்ற சொல் இங்கே தொளதொளவென்று இருக்கும் சட்டை.

அதற்காக ஒன்றுமில்லை என்று தள்ளவும் மாட்டேன். என்னைப் பிடித்து நிறுத்தியது இரண்டு விஷயம். வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இரண்டாவது, 12-ஆம் ஆண்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருடத்தில் அதை 35 முதல் 70 என்று மாற்றுகிறார்கள். விதி போட்டார்கள், எங்கோ இடித்தது, உட்கார்ந்து திருத்தினார்கள். எங்கே இடித்தது என்று கல் சொல்லவில்லை. வகுப்பில் நான் இதைக் கேள்வியாகவே விட்டுவிடுவேன். பிள்ளைகள் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றும் அவர்கள் வீட்டுப் பஞ்சாயத்து போல இருக்கும்!

பெயர் சொல்ல விரும்பாதவர்: ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

சோமன், ரவிதாசன், பரமேசுவரன்.

ஒரு வரி முடிந்தது. இனி உங்களுக்கு வேண்டாதது. அந்தப் பெயர்கள் காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. அது கொலை வழக்குத் தீர்ப்பல்ல, நில விற்பனைப் பத்திரம். துரோகிகளின் உறவினர்களுடைய நிலத்தைக் கைப்பற்றி விற்ற கதையைச் சொல்லும்போது, "கரிகால சோழனைக் கொன்று" என்று போகிறபோக்கில் வருகிறது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று அதில் ஓர் எழுத்துகூட இல்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இதையும் திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் சேர்த்துப் பார்த்து பிறகு அரியணை ஏறிய உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இரண்டு பேரும் பார்த்தது ஒரே ஆவணங்களைத்தான். நாவலும் சினிமாவும் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை. மாணவன் தேர்வுத்தாளில் 'பொன்னியின் செல்வன்' கதையின் நந்தினியை எழுதும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும்.

முதுகலை மாணவி (மறுபடி): சாஸ்திரி சோழ அரசை வலுவான மையப் பேரரசு என்கிறார். பர்ட்டன் ஸ்டைன் துண்டு துண்டான அரசு என்கிறார். யாரை நம்புவது?

இருவரையும் படி, இருவரோடும் சண்டை போடு. சாஸ்திரி மெய்க்கீர்த்தியின், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழுரையின், முழக்கத்துக்குக் கொஞ்சம் காது கொடுத்துவிட்டார் என்பது என் எண்ணம். 1980-இல் வந்த ஸ்டைனின் புத்தகம் கேள்வியை மாற்றியது, ஆனால் அவர் சட்டகம் ஆப்பிரிக்காவைப் பற்றிய மானிடவியலிலிருந்து வந்தது. எனக்குப் பிடித்த வழி நொபோரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் போனது. ஒரு அழகான கல்வெட்டை எடுத்து மேற்கோள் காட்டாமல், ஆயிரக்கணக்கில் சேர்த்து எண்ணினார்கள். காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்று அருகருகே இரண்டு ஊர். பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்கள் பெயரில் இருந்தது. அல்லூரில் ஊர்ப் பொதுவாக. 'சோழர் கால நில உடைமை' என்று ஒரே மூச்சில் பேச முடியாது என்று கராஷிமா அதில் காட்டினார்.

ரவி: எங்கள் பெரியப்பா தினமும் குமரிக்கண்ட வரைபடம் அனுப்புகிறார். என்ன சொல்வது?

அந்த வரைபடம் லெமூரியாவையும் குமரிக்கண்டத்தையும் ஒன்றாக்குவது. லெமூரியா என்ற பெயர் 1864-இல் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி உயிரினங்கள் இருப்பதை விளக்க ஒரு மூழ்கிய நிலத்தை ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகம் தேவைப்படவில்லை. கடல் கொண்டதாகச் சொல்லும் மரபு நம்மிடம் தனியாக இருக்கிறது: இறையனார் களவியல் உரையில், சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில். இரண்டையும் ஒட்டுப்போட்டது பிற்காலம். பெரியப்பாவிடம் வாதாட வேண்டாம். அடியார்க்குநல்லார் சொல்லும் நாற்பத்தொன்பது நாடுகளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு வாரம் அமைதி கிடைக்கும்.

அரசுப் பள்ளி ஆசிரியை: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். எனக்கே பழைய எழுத்து வராது. என்ன செய்யலாம்?

தாராளமாகப் போங்கள் டீச்சர். எழுத்து தெரிய வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கல்வெட்டு ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலோ, 1887 முதல் வரும் ஆண்டறிக்கைகளிலோ தேடுங்கள். அச்சான வரியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கச் சொல் எங்கே என்று தேடச் சொன்னால் போதும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணாம்போ மாவோ பூச விடாதீர்கள்.

கோயிலில் விளக்கெரிக்கக் கொடுத்த தானத்தைச் சொல்லும் விளக்குக் கல்வெட்டு கிடைத்தால் அதையே எடுங்கள். பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு கொடுத்திருப்பார்கள், நாள்தோறும் உழக்கு நெய்க்கு. 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதியிருக்கும். சாகாத, மூப்படையாத ஆடு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். செத்ததற்குப் பதில் குட்டி சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஆட்டை வாங்கிக்கொண்ட இடையன் பொறுப்பு என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

குமார்: எங்கள் கோயிலில் திருப்பணி தொடங்கப்போகிறது. கல்வெட்டுகளைக் காப்பாற்ற என்ன வழி?

முதலில் இன்றே படம் எடுங்கள், சுவர் சுவராக, காலை வெயில் சாய்ந்து விழும்போது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யப் போகிறோம் என்றால் எழுத்துமூலமாக ஆட்சேபியுங்கள். அது எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். பெயர்த்தெடுக்கும் கற்களுக்கு எண் போடச் சொல்லுங்கள். நான் பார்த்த ஓர் ஊரில் எண் போடாமல் திருப்பிக் கட்டி, ஒரு தானத்தின் பாதி தலைகீழாக மடைப்பள்ளிப் பக்கம் போய்விட்டது.

முடிந்தால் தொல்லியல் துறைக்கு எழுதி மைப்படி எடுக்கக் கேளுங்கள். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். கறுப்பில் வெள்ளையாக எழுத்து வரும். கல் போய் தாள் மட்டும் மிஞ்சிய கல்வெட்டுகள் எத்தனையோ உண்டு. திருப்பணி எந்த மாதம் என்று சொல்லுங்கள், பக்கத்து ஊராக இருந்தால் நானும் வருகிறேன்.