காசாபிளாங்கா: முடிவு தெரியாமல் எடுத்த படமா?

வணக்கம். 'காசாபிளாங்கா' என்ற பழைய ஹாலிவுட் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். கதாநாயகி யாரோடு போவாள் என்று கடைசிவரை யாருக்குமே தெரியாமல்தான் படம் எடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா? அட்டை விமானத்துக்குப் பக்கத்தில் குள்ளமானவர்களை நிறுத்தினார்கள் என்பதும் நிஜம்தானா? பாலைவன ஊரில் அவ்வளவு மூடுபனி எப்படி?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

விமானம் அட்டைதான். அந்தக் கடைசிக் காட்சியை எடுத்தது வார்னர் ஸ்டுடியோவின் கூரைக்குக் கீழே. பின்னால் நிற்பது லாக்ஹீட் 12 விமானத்தைச் சிறிதாக்கிச் செய்த வெட்டுரு. அதன் பக்கத்தில் சராசரி உயரமுள்ள ஆள் நின்றால் குட்டு உடைந்துவிடும். அதனால் மெக்கானிக்குகளாக உயரம் மிகக் குறைந்தவர்களை நிறுத்தினார்கள். நம் கண் ஆளை வைத்துத்தான் பொருளை அளக்கிறது. ஆள் சிறுத்தால் விமானம் தள்ளிப் போய்ப் பெரிதாகிவிடும். ஆனால் தட்டையான உருவத்துக்கு முன்னால் காமிரா பக்கவாட்டில் அதிகம் நகர முடியாது, விளிம்பும் கூராகத் தெரியக்கூடாது. இரண்டையும் மூடத்தான் பனி. ஊர் பாலைவனத்தில் இல்லை, அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. குளிர்ந்த நீரோட்டம் ஓடும் கடல் அது, மூடுபனி அங்கே அதிசயமல்ல. நாஜி அதிகாரி மேஜர் ஸ்ட்ராசர் வந்திறங்குவது மட்டும் நிஜ விமான நிலையம், லாஸ் ஏஞ்சலிஸின் வான் நைஸ்.

இனி முடிவு. 'யாருக்குமே தெரியாது' என்பது பாதி உண்மை. படத்துக்கு மூலம் மர்ரே பர்னெட்டும் ஜோன் ஆலிசனும் எழுதி, மேடையேறாமல் கிடந்த நாடகம். வார்னர் அதை 20,000 டாலருக்கு வாங்கியது. அதிலேயே நாயகி லாஸ்லோவோடுதான் போகிறாள். மேலும், படத்தில் லாஸ்லோ அவள் கணவன்; கணவன் உயிரோடிருக்க மனைவி இன்னொருவனோடு போவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி விடாது. ஆக, யாரோடு என்பதில் பெரிய மர்மம் இல்லை. சிக்கல் எல்லாம் எப்படி என்பதில்தான். முந்தின இரவு பழைய காதலன் ரிக்கை விட்டுப் போகமாட்டேன் என்றவளை, பார்ப்பவர் நம்பும்படி விமானத்தில் ஏற்றுவது எப்படி? நாடகத்தில் ரிக் பிடிபடுகிறான். படத்தில் அவன் தப்பியாக வேண்டும். எப்ஸ்டைன் இரட்டையர், ஹோவர்ட் கோச், பெயர் போடப்படாத கேசி ராபின்சன் என நாலு பேர் கை வைத்தும் 1942 மே 25-ல் படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதை முடிந்திருக்கவில்லை. அதனால்தான் காட்சிகளைப் பெரும்பாலும் கதை வரிசையிலேயே எடுத்தார்கள். யாரைக் காதலிப்பதாக நடிக்க வேண்டும் என்று கேட்டபோது, இரண்டுக்கும் நடுவில் நடிக்கச் சொன்னார்கள் என்று நாயகியாக நடித்த இன்க்ரிட் பெர்க்மன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கென்னவோ அந்தத் தவிப்பு படத்துக்கு நல்லதாகவே போயிற்று.

ஆகஸ்ட் 3-ல் படப்பிடிப்பு முடிந்த பிறகு இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனர் 'ஆஸ் டைம் கோஸ் பை' வேண்டாம், வேறு பாட்டு தருகிறேன் என்றார். அது 1931-ல் ஹெர்மன் ஹப்ஃபெல்ட் எழுதிய பழைய பாட்டு. மாற்றினால் பெர்க்மன் வரும் காட்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டும்; அவரோ அடுத்த படத்துக்காக முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஸ்டைனர் அந்த மெட்டையே பின்னணி இசை முழுக்க இழைத்தார். பியானோவில் அதைப் பாடும் டூலி வில்சனுக்குத் தொழில் டிரம்ஸ், பியானோ வாசிக்கத் தெரியாது. காமிராவுக்கு வெளியே எலியட் கார்பென்டர் வாசிக்க, அவர் கையைப் பார்த்து இவர் கையை ஓட்டினார்.

நவம்பர் 8-ல் நேசநாட்டுப் படைகள் நிஜமாகவே வட ஆப்பிரிக்காவில் இறங்கின. உடனே ரிக்கும் போலீஸ் அதிகாரி ரெனோவும் படையோடு கப்பலில் போவதுபோல ஒரு காட்சி சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. வேறொரு தயாரிப்பாளரான டேவிட் செல்ஸ்னிக் படத்தைப் பார்த்துவிட்டு, தொடாதீர்கள் என்றார். நவம்பர் 26-ல் நியூயார்க்கில் அப்படியே வெளியிட்டுவிட்டார்கள்.

அழகான நட்பின் தொடக்கம் என்று ரெனோவிடம் ரிக் சொல்லும் கடைசி வசனம்கூடப் படப்பிடிப்பில் பேசியதல்ல. படத்தின் தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் பிறகு எழுதி, ரிக்காக நடித்த போகார்ட்டை வரவழைத்துக் குரல் மட்டும் பதிந்தார். இன்னொரு முறை பாருங்கள்: இருவரும் முதுகைக் காட்டியபடி பனிக்குள் நடக்கிறார்கள், உதடு தெரியாது.